கட்டைபறிச்சானில் ஒரு டோக்கன்

திருகோணமலையிலிருந்து மூதூர் போகிற பஸ்ஸில் இடப்பக்க யன்னலோரம் கிடைத்தால் நல்லது. கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் அந்தப் பக்கமாகக் கொட்டியாரக் குடா விரிகிறது. பாலம் 396 மீற்றர் நீளம், 2009 இல் திறந்தது. அதற்கு முன்னர் வாகனமும் சனமும் பாதை எனப்படும் மிதவையில் ஏறித்தான் அந்த நீரைக் கடந்தார்கள். பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலத்துக்குப் பின் பாலம். டிக்கெட்டுக்கு நூற்றிச் சொச்சம் ரூபா. மூதூரில் இறங்கும்போது காலை பத்தரை இருக்கும். கச்சான் காற்று வெயிலையும் மண்ணையும் சேர்த்து முகத்தில் அறைந்தது.

அங்கிருந்து சம்பூர் வீதியில் ஐந்து கிலோமீற்றர் அளவில் கட்டைபறிச்சான். ஓட்டோக்காரர் அறுநூறு கேட்டார், ஐந்நூறுக்குச் சம்மதித்தார். முன்கண்ணாடியின் கீழே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், லெமினேட் பண்ணிய ஒரு கடதாசி வெளிறிப்போய்த் தொங்கியது. 2022 ஜூலையில் வந்த எரிபொருள் கியூஆர். நாட்கணக்காக வரிசையில் கிடந்த சனம், அந்தக் கறுப்புச் சதுரம் வந்த பிறகு வாரப் பங்கீட்டுக்குப் பழகிக்கொண்டது. 2023 செப்டெம்பரில் பங்கீடு நிறுத்தப்பட்டது. இவர் மட்டும் கழற்றவில்லை. "கிடக்கட்டும் ஐயா. திரும்ப வேணுமெண்டால் எங்க போய்த் தேடுறது?" என்றார். பின் சீற்றில் இருந்து அதை நான் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். நான் பார்க்க வந்த விஷயத்துக்கும் அந்தக் கடதாசிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

புளொக்செயினில் சொத்துகளை டோக்கன் ஆக்கும் தளங்கள் இப்போது மிக இலகுவாகிவிட்டன, கணினி படிக்காதவரும் ஃபோனிலேயே செய்துவிடலாம் என்று சில காலமாகச் சொல்கிறார்கள். டோக்கன் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு பொருளுக்கோ, ஃபோனில் இருக்கும் ஒரு படத்துக்கோ பாட்டுக்கோ, பல்லாயிரம் கணினிகள் ஒரேமாதிரி எழுதி வைத்திருக்கும் கணக்கேட்டில் ஓர் இலக்கம் போட்டு, அதை ஒருவர் வசம் வைப்பது. எழுதியதைப் பின்னால் அழிக்கவோ திருத்தவோ எவராலும் ஏலாது. பிளாக்ரொக் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 2024 மார்ச்சில் தன் நிதியம் ஒன்றின் பங்குகளையே இத்தீரியம் என்ற புளொக்செயின் சங்கிலியில் டோக்கனாக வெளியிட்டது. சிங்கப்பூரின் நாணய ஆணையம் 2022 முதல் வங்கிகளைச் சேர்த்துக்கொண்டு இதைப் பரீட்சித்து வருகிறது. அங்கே நடப்பதற்குப் பின்னால் சட்டத்தரணிகளும் காவல் வங்கிகளும் இருக்கிறார்கள். ஒரு கிராமத்துக் கடையில், சாதாரண ஃபோனில், தமிழ் மட்டும் சரளமாகத் தெரிந்த ஒருவர் இதைச் செய்து முடிப்பாரா என்பதை நான் கண்ணால் பார்க்க விரும்பினேன்.

கட்டைபறிச்சானில் அதற்குப் பொருத்தமான இடம் ஒரு கொமினிகேஷன் கடை. வீதியோரம், தகரக் கூரை, உள்ளே ஒரு மின்விசிறி, ஒரு கணினி, ஸ்கேனரோடு சேர்ந்த ஒரு பிரிண்டர். போட்டோகொப்பி பத்து ரூபா, லெமினேட் நூற்றைம்பது, ரீலோட், டேட்டா கார்ட், மின்சார பில் என்று சுவரில் கையால் எழுதி ஒட்டியிருந்தது. சூடான பிளாஸ்டிக் மணம். சேனையூர்ப் பக்கமிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் ஏதோ ஒப்படைக்குப் படம் பிரிண்ட் எடுக்க நின்றார்கள். கடை நடத்துகிற தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பழைய படங்களைச் சரிசெய்து கொடுக்கிறார். 2004 கடல்கோளும் 2006 யுத்த இடப்பெயர்வும் இந்தப் பக்கத்து வீடுகளில் அல்பங்களை மிச்சம் வைக்கவில்லை. தப்பியவை ஈரம் பட்டு, ஒன்றோடொன்று ஒட்டி, முகம் பாதி கரைந்து கிடப்பவை. அவற்றை ஸ்கேன் பண்ணிக் கரைந்த இடத்தைக் கணினியில் மெல்ல மெல்ல மீட்கிறார். நான் பார்க்க, ஒரு கலியாணப் படத்தில் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியை வேறு படமொன்றிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொண்டிருந்தார். இந்தக் கோப்புகள்தான் அவருடைய டிஜிட்டல் சொத்து. சிலர் அவர் மீட்ட படங்களைத் தங்கள் வேலை என்று முகநூலில் போட்டதாகக் குறைப்பட்டார். டோக்கன் போட்டால் அது நிற்குமா என்பது அவருடைய கேள்வி. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. செய்துபார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

வாடிக்கையாளர் வீட்டுப் படம் எதையும் போடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சங்கிலியில் ஏறியதை இறக்க முடியாது. ஒருவருடைய தனிப்பட்ட தரவை அழிக்கச் சொல்லும் உரிமையை இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அழியாத ஏட்டில் அந்த உரிமையை எப்படி நிறைவேற்றுவது? ஆகவே வரும் வழியில் களப்போரம் நிறுத்தி நான் எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டோம். தண்ணீர், கண்டல் புதர், ஒரு வெள்ளைக் கொக்கு. மனிதர் எவருமில்லை. பணம் புழங்காத செபோலியா என்ற பரீட்சார்த்த வலையமைப்பில்தான் எல்லாம் செய்தோம்.

முதலில் பழைய வகைப் பணப்பை ஒன்று, அதாவது டோக்கனை வசம் வைத்திருக்கும் செயலி. அது திறந்தவுடன் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து, இதே வரிசையில் எழுதிப் பத்திரப்படுத்து, தொலைந்தால் எவராலும் மீட்க முடியாது என்றது. இந்த ஏற்பாடு 2013 இல் வந்தது. 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து சொற்களைப் பொறுக்குகிறது. ஜப்பானியம், கொரியம், சீனம், ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்த்துக்கீசம் ஆகியவற்றிலும் பட்டியல் இருக்கிறது. தமிழில் இல்லை, சிங்களத்திலும் இல்லை. தம்பி மூன்றாவது சொல்லிலேயே ஓர் எழுத்தை மாற்றி எழுதினார். சரிபார்க்கும் திரையில் பணப்பை அதை ஏற்கவில்லை. ரீலோட் போட வந்து பக்கத்தில் நின்ற ஓர் அக்கா அந்தத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதை நான் எங்க வைக்கிறது தம்பி, அரிசிப் பானைக்குள்ளயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பணப்பையின் திரையில் அதற்குப் பதில் எதுவும் இல்லை.

அடுத்தது புதிய வகை. இங்கேதான் முன்னேற்றம் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, விரலை ஃபோனில் வைத்ததும் கணக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு சொல் இல்லை. 2023 மார்ச்சில் இத்தீரியத்தில் நடைமுறைக்கு வந்த ஒரு புதிய நியமமும், 2025 மே 7 அன்று வந்த பெக்ட்ரா மேம்படுத்தலும் இதற்கு வழி திறந்தவை. கணக்கு என்பதே சிறு நிரலாக நடந்துகொள்ளலாம், கைரேகையை ஏற்கலாம், கட்டணத்தைப் பயனாளருக்குப் பதில் தளமே கட்டலாம்.

இந்தக் கடைசி வசதி இலங்கையில் மிக முக்கியம். சங்கிலியில் எதை எழுதினாலும் இத்தீர் நாணயத்தில் ஒரு கட்டணம் உண்டு. ஆனால் 2017 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழான 2021 பணிப்புரைப்படி, வங்கி அட்டையால் மெய்நிகர் நாணயத்துக்குப் பணம் செலுத்த அனுமதி இல்லை. கட்டைபறிச்சானில் இருப்பவர் சட்டப்படி எங்கே போய் அந்த நாணயத்தை வாங்குவார்? தளம் கட்டணத்தை ஏற்றால்தான் அவர் வாசல்படியாவது மிதிக்கலாம். நாங்கள் பார்த்த தளம் ஏற்றது. படத்தை ஏற்றி, பெயர் கொடுத்து, பொத்தானை அழுத்தினோம். இத்தீரியத்தில் 12 வினாடிக்கு ஒரு தொகுதி சேர்கிறது. தேநீர்க் கடைப் பையன் ப்ளேன்டீ வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கொக்குப் படத்துக்கு ஓர் இலக்கம் வந்துவிட்டது. தம்பியின் முகத்தில் சிரிப்பு. எனக்கும் மகிழ்ச்சிதான். மூன்று வருடத்துக்கு முன்னர் இதே காரியத்துக்கு ஒரு பொறியியலாளர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

ஆனால் திரையில் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. மொழித் தெரிவில் பத்துப் பன்னிரண்டு மொழிகள் வரிசையாக இருந்தன, அங்கேயும் இல்லை. பொத்தான்களை நான் வாசித்துச் சொல்ல, அவர் அழுத்தினார். அப்படியானால் அதைச் செய்தது யார்?

அடுத்து நான் பார்க்க நினைத்தது திருட்டு விஷயம். அதே படத்தை என் ஃபோனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அனுப்பும்போது படம் சுருங்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வேறொரு பெயரில் கணக்குத் திறந்து, அதைப் புதிய படம்போல ஏற்றினேன். தளம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதே 12 வினாடி. இப்போது ஒரு கொக்குக்கு இரண்டு சொந்தக்காரர்கள், இரண்டு பேருக்கும் அழியாத பதிவு.

தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளங்கப்படுத்தினேன். சங்கிலியில் பெரும்பாலும் படம் இருப்பதில்லை, படம் கிடக்கும் இடத்தின் முகவரியோ அதன் கைரேகை போன்ற ஒரு நீண்ட இலக்கமோதான் இருக்கிறது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த இலக்கம் முழுதாக மாறிவிடும். அதனால் கணக்கேட்டுக்கு அவை இரண்டும் வேறு வேறு பொருள். எந்த நேரத்தில், எந்தக் கணக்கு எழுதியது என்பதற்கு அது அசையாத சாட்சி. எழுதியவர் உண்மையான சொந்தக்காரரா என்று அது பார்ப்பதில்லை, பார்க்கவும் தெரியாது. முதலில் பதிந்தவர் என்ற ஒரு சிறு பிடி மட்டும் அவருக்குக் கிடைக்கும், வழக்கு என்று வந்தால் அது உதவலாம். முகநூலில் போடுகிறவரை அது தடுக்காது.

வங்கியில் நகை வைத்தால் தருகிற அடகுச் சீட்டை யோசித்துப் பாருங்கள். அந்தத் துண்டுக்கு மதிப்பு வருவது, பெட்டகத்துக்குள் நகை கிடப்பதாலும் சீட்டைக் கொண்டுபோனால் வங்கி எடுத்துத் தருவதாலும்தான். டோக்கனும் அப்படி ஒரு சீட்டுத்தான்.

பேச்சுவாக்கில் தம்பி மேசை லாச்சியிலிருந்து ஒரு தடித்த சி.ஆர். கொப்பியை எடுத்தார். ஊராரின் மின்னஞ்சல் முகவரிகள், கடவுச்சொற்கள். பெயர், ஃபோன் இலக்கம், பக்கத்தில் கடவுச்சொல், நீலப் பேனையில் வரிசையாக. ஓய்வூதியம், வெளிநாட்டு வேலை விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு என்று எதற்கு மின்னஞ்சல் தேவைப்பட்டாலும் இவரே திறந்து கொடுக்கிறார். அவர்கள் மறந்துவிடுவார்கள், திரும்ப வந்து கேட்பார்கள். "என்னட்ட இருந்தால்தானே அவையளுக்கு நிம்மதி" என்றார். நான் ஒரு பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடச் சொன்னேன்.

அன்றைக்குப் பார்த்தவற்றில் அந்தக் கொப்பிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. விரலை வைத்தால் திறக்கும் பணப்பையும் ஃபோன் தொலைந்தால் அந்த மின்னஞ்சல் வழியாகத்தான் திரும்பி வரும். ஆக, நடுவில் எவரும் தேவையில்லை என்று சொல்லி வந்த தொழில்நுட்பத்தின் திறவுகோல், கட்டைபறிச்சானில் ஒரு மேசை லாச்சிக்குள் பூட்டில்லாமல் கிடக்கிறது. தம்பி நேர்மையானவர், ஊர் அவரை நம்புவதிலும் தவறில்லை. தளம் கட்டுகிறவர்களின் வரைபடத்தில்தான் இப்படி ஒருவர் கிடையாது. நம்பிக்கைக்குரிய இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒப்புதல் கொடுத்தால் கணக்கை மீட்கும் முறை ஏற்கெனவே உருவாகிவிட்டது. இந்த ஊருக்கு முதலில் தேவை அது. நாங்கள் பார்த்த தளத்தில் அது உள்ளே எங்கோ ஓர் ஆங்கிலத் தெரிவாக ஒளிந்திருந்தது.

மதியம் தாண்டி ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார், கையில் பொலித்தீன் பை. ஒரு காணி உறுதியின் போட்டோகொப்பி தேவை. பையை அவர் திறந்த விதம் என்னை நிற்க வைத்தது. வெளிப்பை, உள்ளே இன்னொரு பை, அதற்குள் துணி, துணிக்குள் கடதாசி. மடிப்புகளில் ஒளி தெரிகிற அளவுக்கு நைந்திருந்தது. சம்பூர்ப் பக்கக் காணி. 2006 இல் ஊரைவிட்டு ஓடும்போது இந்தப் பை மட்டும் கையோடு வந்தது என்றார். அதன் பிறகு முகாம். கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் சம்பூர்ச் சனம் வருடக்கணக்காகக் கிடந்தது.

அந்த வருடங்களில் அவருடைய உறுதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வெளியேதான் எல்லாம் மாறியது. 2012 இல் சம்பூரின் 818 ஏக்கர் வர்த்தமானி ஒன்றின் மூலம் ஒரு தனியார் கைத்தொழில் வலயத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை ரத்துச் செய்தார். 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த காணியும் விடப்பட்டது. அதுவரை உறுதி பையிலும் காணி வேலிக்கப்பாலும் இருந்தன. இதையெல்லாம் புளொக்செயினில் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பதிவு பத்திரமாக இருந்திருக்கும், பை நனைந்துவிடுமோ என்ற பயம் இருந்திருக்காது. அது சிறிய விஷயமில்லை. வேலி மட்டும் அதே இடத்தில்தான் இருந்திருக்கும்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. காணி கைமாற இன்றும் 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் டிஜிட்டல் ஆவணங்களை ஏற்றுக்கொண்டபோதும் அசையாச் சொத்து விற்பனையை வெளியே விட்டுவிட்டது. காணியை டோக்கன் ஆக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், இலங்கையில் அந்த டோக்கனைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு காரியாலயமும் இல்லை.

வழி இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2019 ஜூலையில் ஒக்ஸ்பாம், எயோன், எதெரிஸ்க், சணச காப்புறுதி ஆகியவை சேர்ந்து இலங்கையின் சிறு நெல் விவசாயிகளுக்கு ஒரு பயிர்க் காப்புறுதியைப் புளொக்செயினில் தொடங்கின. முதற்கட்டத்தில் சுமார் 200 பேர். வானிலைத் தரவு ஒரு மட்டத்தைத் தாண்டினால் படிவம் நிரப்பாமலே இழப்பீடு வருவதாக ஏற்பாடு. அங்கே பதிவுக்குப் பின்னால் பணம் கொடுக்கப் பொறுப்பேற்ற ஒரு காப்புறுதி நிறுவனம் நின்றது. தமிழ்நாட்டில் மின் ஆளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்று சங்கிலி ஒன்றை அமைத்து, இ-பெட்டகம் என்ற செயலி வழியாகச் சான்றிதழ்களைக் கொடுக்கிறது. கையில் கிடைப்பது சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ, அதைக் கொடுத்த அரசே அதை மதிக்கவும் செய்கிறது. புளொக்செயின் என்ற பெயர்கூடத் தெரியாமல் ஒருவர் அதைப் பயன்படுத்திவிட்டுப் போகலாம்.

பெரியவர் போட்டோகொப்பிக்கு முப்பது ரூபா கொடுத்துவிட்டு, கடதாசியைத் துணிக்குள், துணியைப் பைக்குள், பையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். உறுதியை ஸ்கேன் பண்ணி ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். தம்பி இலவசமாகவே செய்துதருவதாக அவருக்குப் பின்னால் குரல் கொடுத்தார்.

நான் கண்டதை வைத்துச் சொல்வதானால், டோக்கன் போடுவது உண்மையிலேயே இலகுவாகிவிட்டது. போட்டதைக் காப்பாற்றுவது இன்னும் இலகுவாகவில்லை. போட்டதை மதிக்க எவரும் இன்னும் முன்வரவில்லை. இதைக் கட்டிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பொறியியலாளர்கள் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். அவர்கள் இன்னொரு நிறத்தில் பொத்தான் வரைவதற்கு முன்னர், திரையைத் தமிழில் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பதிந்த படத்தோடு ஒத்துப்பார்க்கும் ஒரு சோதனையை வைக்க வேண்டும். கணக்கை மீட்கும் வழியை முன்பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். எரிபொருள் கியூஆர் இந்த ஊரில் ஓடியதற்குக் காரணம், அதை ஒரு கடதாசியில் அச்செடுத்து லெமினேட் பண்ண முடிந்ததும், பெற்றோல் செட்டில் அதை மதித்ததும்தான்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊருக்கு யாராவது வந்து, சொத்தை டோக்கன் ஆக்கித் தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்றால் கட்டாதீர்கள். மெய்நிகர் நாணயத் திட்டம் நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2021 இலும் 2022 இலும் பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. இந்த டோக்கனை எந்தக் காரியாலயம் ஏற்கும், ஃபோன் தொலைந்தால் யார் மீட்டுத் தருவார் என்று கேளுங்கள். பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள்.